சரஸ்வதி கடாட்சமா? இராக் கல்லூரியா?

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் சமயத்தில், வயது முதிர்ந்த தோழர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு விஷயத்தில் யோசனை கேட்டார். அவர் சலவைத் தொழில் செய்து ஜீவிப்பவர். அவருடைய மகன் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து, மின்சார என்ஜினீயரிங் பட்டமும் பெற்று, அதற்கு மேல் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறுவதற்கு ஒரு சர்வகலாசாலையில் இடம் பெற்றிருக்கிறாராம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப் போகும் விஷயம் "வலைப்பின்னல் விஞ்ஞானம்" என்பதாம். இது ஊரில் தெரிந்தவுடனே, உறவினர்கள், "இன்னும் ஐந்து வருஷம் படிப்பா? கைக்கு வந்த உத்தியோகத்தை விடலாமா?" என்கிறார்களாம். ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்து, "வித்தியா ஸ்தானம் கெட்டிருக்கிறது, பரிகாரம் செய்தாலொழிய பையன் முடிக்க மாட்டான்" என்கிறாராம். மேல் தெருக்காரர் ஒருவர், "அதெல்லாம் பரம்பரையாக மூளை உள்ளவர்கள் செய்கிற காரியம், உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டே விட்டாராம். "ஐயா, அது என்ன படிப்பு? நம்ம பையனால் ஆகுமா?" என்பதுதான் அந்தத் தோழர் நம்மைக் கேட்ட கேள்வி.

நாம் சர்வகலாசாலையின் வாசற்படியை மாணவராக மிதித்தவர்கள் அல்ல. ஆனாலும், தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டும், புஸ்தகங்களைத் தேடிப் படித்தும் அறிந்துகொள்வது நமக்கு வெட்கமான காரியம் அல்ல. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிப் பிழைப்பதுதான் வெட்கம். ஆதலால் இந்த வலைப்பின்னல் சங்கதி என்ன என்பதையும், இதே மின்சார என்ஜினீயரிங் இலாகாவில் மாணவராயிருந்து இதே மாதிரி ஆராய்ச்சி செய்த ஒருவருடைய வரலாற்றையும், நாம் விசாரித்து அறிந்த வரையில் இங்கு எழுதுகிறோம். மற்ற வாசகர்களுக்கும் இது பிரயோஜனப்படும் என்று நம்புகிறோம்.

அவர் பெயர் லியோனார்டு கிளைன்ராக். 1934-ம் வருஷம் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பணக்காரக் குடும்பம் அல்ல. ஆறு வயதில் ஒரு படக்கதைப் புஸ்தகத்தில், வீட்டில் கிடக்கும் சாமான்களைக் கொண்டே ரேடியோ செய்வது எப்படி என்று போட்டிருந்ததைப் பார்த்தார். தகப்பனார் சவரம் செய்துவிட்டுப் போட்ட பிளேடு, பென்சிலின் கரி, காகிதம் சுற்றிய அட்டைக் குழல், கொஞ்சம் கம்பி ஆகிய இவைகளே சாமான்கள். ஒரே ஒரு சிறு கருவி மாத்திரம் கடையில் வாங்க வேண்டியிருந்தது. தாயார் அவரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போய் அதை வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பூட்டிக் காதில் வைத்தவுடனே பாட்டுக் கேட்டது! பாட்டரி இல்லை, மின்சார இணைப்பும் இல்லை. ஆனாலும் பாட்டுக் கேட்டது.

வாசகர்களே, இந்த இடத்தில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன. நம் நாட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் "அசரீரி" என்று சொல்லி, அந்த அட்டைக் குழலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அதன் பக்கத்தில் ஒரு உண்டியலும் வைத்திருப்பார்கள். அந்தப் பையனோ "இது எப்படி நடக்கிறது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவருடைய வித்தியாரம்பம். பச்சரிசியில் விரலைப் பிடித்து எழுத வைப்பது அல்ல வித்தியாரம்பம்; "எப்படி?" என்று கேட்க விடுவதுதான்.

1951-ல் அவர் பள்ளிப் படிப்பை முடித்தார். நியூயார்க்கில் சிட்டி காலேஜ் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. 1847-ல் அந்நகர மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் வரிப்பணத்திலிருந்து ஏற்படுத்திய கல்லூரி அது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சம்பளம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள். பெரிய மனிதர் பிள்ளைகள் படிக்கும் ஹார்வர்டு போன்ற இடங்களில், 1920-களில், யூத மாணவர்கள் அதிகமாகி விட்டார்கள் என்று சொல்லி அவர்களுடைய தொகையைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது இந்தச் சிட்டி காலேஜ்தான்.

ஆனால் சம்பளம் இல்லாத கல்லூரியில் பகலில் படிப்பதற்குக்கூட கிளைன்ராக் குடும்பத்துக்குச் சக்தி இல்லை. அவர் சம்பாதித்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே பகலெல்லாம் மின்சாரக் கருவி வேலை, இரவெல்லாம் கல்லூரிப் படிப்பு என்று ஐந்து வருஷத்துக்கு மேல் நடத்தி, 1957-ல் மின்சார என்ஜினீயரிங் பட்டம் பெற்றார். அதுவும் இராப் படிப்புக்காரர்களில் முதலாவதாக! அதன் பிறகு உபகாரச் சம்பளம் கிடைத்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனார். 1959-ல் எம்.எஸ். பட்டமும், 1963-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

நாம் கேட்கிறோம்: இதில் சரஸ்வதிக்கு எந்த இடத்தில் வேலை இருந்தது? நியூயார்க் நகரத்தில் ஆயுத பூஜை செய்தவர்கள் யார்? அவருடைய வித்தியா ஸ்தானத்துக்கு எந்த ஜோசியர் பரிகாரம் செய்தார்? தாயார் வாங்கிக் கொடுத்த ஒரு கருவி, ஊர் வரிப்பணத்தில் நடந்த இராக் கல்லூரி, தூக்கத்தை விட்டு உழைத்த உழைப்பு, அதற்குமேல் உபகாரச் சம்பளம் ஆகிய இந்த நான்கையும் எடுத்து விட்டால் கிளைன்ராக் என்பவர் ஒரு கடைச் சிப்பந்தியாக இருந்திருப்பார். இந்த நான்கும் இல்லாத காரணத்தால் எத்தனை கிளைன்ராக்குகள் நம் நாட்டில் துணி வெளுத்துக்கொண்டும், மாடு மேய்த்துக்கொண்டும் மாண்டு போனார்களோ!

நிற்க, டாக்டர் பட்டத்து ஆராய்ச்சி என்றால் என்ன என்பதைக் கவனிப்போம். பட்டப் படிப்பு என்பது பிறர் கண்டுபிடித்ததைத் தெரிந்துகொள்வது. ஆராய்ச்சி என்பது இதுவரையில் ஒருவரும் கண்டுபிடியாத ஒன்றைக் கண்டுபிடித்து, அது சரி என்று மற்றவர்கள் ஒப்பும்படி காட்டுவது. ஆதலால் முதல் வேலை நல்ல கேள்வியைத் தெரிந்தெடுப்பதாகும். கிளைன்ராக் சேர்ந்த இடத்தில் கிளாட் ஷானன் என்ற பெரிய அறிஞர் இருந்தார். செய்தி என்பதையே கணக்கில் அளக்கலாம் என்று 1948-ல் காட்டியவர் அவர். மாணவர்கள் பலரும் அவர் துறையிலேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். அத்துறையில் பெரிய விஷயங்களை ஷானன் முடித்துவிட்டார், மிச்சமிருப்பவை கடினமானவையாயிருந்தாலும் அவ்வளவு முக்கியமானவை அல்ல என்று கிளைன்ராக் நினைத்தார். தம்மைச் சுற்றிலும் கம்ப்யூட்டர்கள் பெருகி வருவதைப் பார்த்தார். "இவைகள் ஒன்றோடொன்று ஒரு நாள் பேச வேண்டி வருமே, அப்போது செய்திகள் கம்பியில் முட்டி மோதிக்கொண்டு காத்திருக்குமே, எவ்வளவு நேரம் காத்திருக்கும்?" என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். 1961-ல் அந்த யோசனையை எழுதிக் கொடுத்தார்.

பெரியவர் போன பாதையிலேயே போக வேண்டும் என்கிற குரு பக்தி அங்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஷானனே கிளைன்ராக்கின் ஆராய்ச்சியைப் பரிசோதிக்கும் குழுவில் ஒருவராக இருந்தார். தம் வழியை விட்டு வேறு வழியில் போனவனை அவர் சபிக்கவில்லை. கட்டை விரலையும் கேட்கவில்லை.

காத்திருக்கும் கணக்கு என்ன என்பதை ரேஷன் கடையை வைத்துச் சொல்லலாம். ஒரு கடைச் சிப்பந்தி சராசரி ஒரு நிமிஷத்துக்கு ஒருவர் வீதம் சாமான் போட்டுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 60 பேர். ஜனங்கள் ஒழுங்காக நிமிஷத்துக்கு ஒருவராக வருவதில்லை. சில சமயம் ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள், சில சமயம் ஒருவரும் வரமாட்டார்கள். ஒருவருக்குச் சீக்கிரம் முடியும், ஒருவருக்கு நேரமாகும். இப்படி ஒழுங்கில்லாமல் மணிக்கு 30 பேர் வந்தால், ஒருவர் கடையில் கழிக்க வேண்டிய நேரம் சராசரி 2 நிமிஷம். 54 பேர் வந்தால் 10 நிமிஷம். 57 பேர் வந்தால் 20 நிமிஷம். 60 பேர் வந்தாலோ வரிசை வளர்ந்துகொண்டே போகும், முடிவே கிடையாது. கூட்டம் கொஞ்சம் ஏறினால் காத்திருப்பு பல மடங்கு ஏறுகிறது என்பதே இந்தக் கணக்கு. டென்மார்க் தேசத்தில் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1909-லேயே இம்மாதிரிக் கணக்குக்கு வழி போட்டார். கிளைன்ராக் செய்தது, ஒரு கடைக்குப் போட்ட கணக்கை ஊர் ஊராகப் பல கடைகளும் பாதைகளும் சேர்ந்த ஒரு வலைக்குப் போட்டதாகும்.

அதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஒரு நீண்ட செய்தி முதல் கம்பியில் நீண்டதாயிருந்தால், இரண்டாவது கம்பியிலும் மூன்றாவது கம்பியிலும் நீண்டதாகத்தானே இருக்கும்? அதைக் கணக்கில் சேர்த்தால் கணக்கு ஒருவராலும் தீர்க்க முடியாத சிக்கலாகிறது. ஆகையால் அவர், "ஒவ்வொரு இடத்திலும் செய்தியின் நீளம் புதிதாக நிர்ணயமாகிறது என்று வைத்துக்கொள்வோம்" என்று ஒரு அனுமானம் செய்தார். அது உள்ளபடி உண்மை அல்ல என்பது அவருக்கே தெரியும். ஆனால் அதை அவர் மறைக்கவில்லை. "இது என் அனுமானம்" என்று பகிரங்கமாக எழுதி, பிறகு டி.எக்ஸ்.-2 என்ற கம்ப்யூட்டரில் அனுமானம் இல்லாமலே செய்திகளை ஓட விட்டுப் பார்த்து, கணக்கும் நடப்பும் நெருங்கி வருகின்றன என்று காட்டினார்.

நாம் இதைப் பற்றி விசேஷமாகச் சொல்லக் காரணம் உண்டு. "நீங்கள் மாத்திரம் விஞ்ஞானத்தை நம்பவில்லையா? அதுவும் ஒரு நம்பிக்கைதானே?" என்று நம் வைதீகத் தோழர்கள் கேட்பதுண்டு. விஞ்ஞானியும் அனுமானம் செய்கிறான். சாஸ்திரக்காரரும் அனுமானம் செய்கிறார். ஆனால் விஞ்ஞானி, "இது என் அனுமானம், இப்படிச் சோதித்தேன், தப்பென்றால் காட்டுங்கள்" என்கிறான். சாஸ்திரக்காரரோ, "இது ஈஸ்வர வாக்கு, சோதித்தால் நரகம்" என்கிறார். நாலு வர்ணம் என்கிற அனுமானத்தை எந்த இயந்திரத்தில் ஓட விட்டுப் பார்த்தார்கள்? பார்த்திருந்தால் முதல் நாளே நின்றிருக்கும்.

இனி, அவர் கண்ட முடிவுகளில் இரண்டைச் சொல்லுகிறோம். முதலாவது, தனித்தனியே பிரித்து வைப்பதைவிடச் சேர்த்துப் பொதுவாக வைப்பது மேல் என்பது. முன் சொன்ன ரேஷன் கடை போலப் பத்துக் கடைகள் தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 54 பேர் வந்தால், எல்லாரும் 10 நிமிஷம் நிற்க வேண்டும். ஒரு கடையில் வரிசை தெருவரைக்கும் நிற்கும். அதே சமயம் பக்கத்துக் கடையில் சிப்பந்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பத்தையும் ஒன்றாக்கி, பத்து மடங்கு வேகமுள்ள ஒரே கடையாக வைத்தால், அதே 540 பேருக்கும் ஆளுக்குச் சராசரி 1 நிமிஷம்தான் ஆகிறது! கூட்டமும் குறையவில்லை, மொத்த சக்தியும் கூடவில்லை. சுவரை எடுத்ததுதான் லாபம்.

இரண்டாவது, கம்பிகளின் சக்தியைப் பங்கிடுவது எப்படி என்பது. ஒவ்வொரு கம்பிக்கும் அவசியமானதை முதலில் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தை, போக்குவரத்து எவ்வளவோ அவ்வளவு வீதத்தில் கொடுப்பது சரியல்ல. அதன் வர்க்க மூலத்தின் வீதத்தில் கொடுத்தால்தான் மொத்தக் காத்திருப்பு மிகக் குறைவாகும் என்று கணக்கிட்டார். அதாவது ஒரு கம்பியைவிட இன்னொன்றில் 100 மடங்கு போக்குவரத்து இருந்தால், மிச்சத்தில் அதற்கு 100 பங்கு அல்ல, 10 பங்குதான். சிறிய கம்பிக்கு அதன் அளவைவிடக் கூடவே கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பதில்தான் ஊருக்கெல்லாம் நன்மை.

மனிதர் கம்பிகள் அல்லர். ஆதலால் இந்தக் கணக்கைக் காட்டி வகுப்புரிமை நியாயம் என்று ருஜுப்பித்து விட்டதாக நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ஜோசியர் செய்கிற காரியம். வகுப்புரிமைக்கு அதன் சொந்த நியாயமே போதும். ஆனால், "எல்லாருக்கும் பங்கு கொடுத்தால் திறமை கெட்டுப் போகும்" என்று பேசுகிறவர்கள், பங்கீடும் திறமையும் ஒன்றுக்கொன்று விரோதி என்பது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மாத்திரம் நமக்குக் காட்டட்டும். கம்பியில்கூட அது மெய்யாக இல்லை.

1963-ல் கிளைன்ராக் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1964-ல் அவர் ஆராய்ச்சி புஸ்தகமாக வெளிவந்தது. 1969 ஆகஸ்டு மாதக் கடைசியில், அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சி இலாகா ஒன்றின் பணத்தில், கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலையின் முதல் இயந்திரம் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தது. 1969 அக்டோபர் 29 இரவு 10.30 மணிக்கு, சார்லி கிளைன் என்ற மாணவர், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்துக் கம்ப்யூட்டருக்குள் "லாகின்" என்ற வார்த்தையைத் தட்டி நுழைய முயன்றார். முதல் எழுத்து போய்ச் சேர்ந்தது. இரண்டாவது எழுத்தும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதைத் தட்டியவுடன் அங்கிருந்த இயந்திரம் படுத்து விட்டது! இன்று உலகத்தைச் சுற்றியிருக்கும் இன்டர்நெட்டின் முதல் செய்தி இரண்டே எழுத்துதான். அவர்கள் சகுனத் தடை என்று எழுந்து போகவில்லை. தப்பு எங்கே என்று தேடித் திருத்தி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மறுபடி செய்து ஜெயித்தார்கள். அந்த வருஷ முடிவுக்குள் நான்கு இடங்கள் இணைக்கப்பட்டன. நம் ஊரில் புறப்படும்போது பூனை குறுக்கே போனால் பிரயாணமே நின்று விடுகிறது.

இதனால் இன்டர்நெட்டைக் கிளைன்ராக் ஒருவரே சிருஷ்டித்தார் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்பலாம் என்ற யோசனையை அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்பவரும் 1960-களில் தனித்தனியே கண்டார்கள். அந்த யோசனையின் பெருமை இவ்விருவருக்குமே உரியது என்று சரித்திரக்காரர் பலரும் சொல்லுகிறார்கள். கிளைன்ராக்கின் பங்கு காத்திருப்புக் கணக்குத்தான் என்கிறார்கள். யார் பங்கு எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் தகராறும் உண்டு. இருக்கட்டும்! தகராறு செய்ய இடமிருப்பதுதான் அறிவின் லட்சணம். நாமோ, யார் ஒரு நல்ல காரியம் செய்தாலும் அவரை அவதாரமாக்கி, மாலை போட்டு, மூளைக்கு விடுமுறை கொடுத்து விடுகிறோம். அறிவு என்பது பலர் சேர்ந்து இழுக்கும் தேர். அதில் உட்கார்ந்து வரும் சாமி கிடையாது.

அமெரிக்காவும் ஒன்றும் சுவர்க்கம் அல்ல. கறுப்பர் பிள்ளைகளையும் வெள்ளையர் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிக்கூடத்தில் வைப்பது சட்ட விரோதம் என்று அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு 1954-ல்தான் தீர்ப்புச் சொல்லிற்று. கிளைன்ராக் படித்த சிட்டி காலேஜிலும், நகரத்தில் பண நெருக்கடி வந்த 1976-ல், இனாம் படிப்பை நிறுத்திச் சம்பளம் விதித்து விட்டார்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டு வாங்கியதையும் அயர்ந்தால் பறித்துக்கொள்வார்கள் என்பதற்கு இது உதாரணம்.

அந்த முதல் வலைக்குப் பிறகு விஷயம் இன்னும் விரிந்தது. கம்பிகளை மாத்திரமல்ல, மனிதர்களுடைய பழக்கத்தையும் நோய் பரவுவதையும்கூட வலையாக வைத்து ஆராய்கிறார்கள். 1998-ல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் ஒரு சிறு கணக்கை வெளியிட்டார்கள். அந்த வாட்ஸ் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது டாக்டர் பட்டத்து மாணவராக இருந்தபோதுதான். ஆயிரம் பேர் வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் பக்கத்திலுள்ள பத்துப் பேரை மாத்திரம் தெரிந்தவராயிருந்தால், ஒருவர் சொல்லும் சேதி இன்னொருவருக்குப் போய்ச் சேரச் சராசரி 50 கை மாற வேண்டும். ஆனால் அந்தப் பழக்கங்களில் நூற்றில் ஒன்றை எடுத்து, வட்டத்தில் தூரத்திலுள்ள யாரோ ஒருவருடன் மாற்றிக் கட்டினால், அந்த 50 வெகுவாகக் குறைந்து விடுகிறது. குறுக்குப் பாதைகள் சிலவே போதும். உலகம் சிறிதாகி விடுகிறது.

நம் நாட்டில் அக்குறுக்குப் பாதைகளை அடைத்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஜாதி என்று பெயர். தன் ஜாதியிலேயே பெண் கொண்டு, தன் ஜாதியிலேயே உண்டு, தன் தெருவிலேயே பழகினால், பக்கத்துத் தெருவும் 50 கை தூரம் ஆகிறது. ஜாதி விட்டு ஜாதி நடக்கும் ஒவ்வொரு சுயமரியாதைத் திருமணமும் ஒரு குறுக்குப் பாதை. அதனால்தான் அதைக் கண்டு அவ்வளவு பேர் பயப்படுகிறார்கள்.

ஆனால் நாம் இந்த வலையைக் கொண்டு என்ன செய்கிறோம்? உலகத்தையே சிறிதாக்கிய கருவியில் உட்கார்ந்துகொண்டு, உட்பிரிவுக்கு உட்பிரிவு பார்த்துச் சொந்த ஜாதி மாப்பிள்ளை தேடுகிறோம். ஓலைச் சுவடியில் பார்த்த ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் அச்சடித்து, "இது விஞ்ஞான ஜோசியம்" என்கிறோம். அர்ச்சனைச் சீட்டையும் அதிலேயே வாங்குகிறோம். சுவரை இடிக்கச் செய்த கடப்பாரையைக் கொண்டு சுவருக்கு ஆணி அடிக்கிற புத்திசாலித்தனத்துக்கு என்ன பெயர் வைப்பது?

ஆகவே, நம்மைக் கேட்ட தோழருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். ஐயா, அந்தப் படிப்பு மனிதர்களால் ஆனது. ஆதலால் உங்கள் மகனாலும் ஆகும். பரம்பரை மூளை என்று ஒன்று வேண்டியிருந்தால், ஒரு தலைமுறைக்கு முன் டாக்டர் பட்டம் என்பதையே கேள்விப்படாத குடும்பங்களிலிருந்து உலகமெங்கும் இத்தனை பேர் வந்திருக்க முடியாது. ஜோசியருக்குக் கொடுக்க நினைத்த பரிகாரப் பணத்தில் மகனுக்குப் புஸ்தகம் வாங்கிக் கொடுங்கள். வித்தியா ஸ்தானம் ஜாதகக் கட்டத்தில் இல்லை. சர்வகலாசாலை லைப்ரரியில் இருக்கிறது.

உறவினர் சொல்லும் பணக் கஷ்டத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. அது ஒன்றுதான் அவர்கள் சொன்னவற்றில் மெய்யான ஆட்சேபணை. ஆராய்ச்சி மாணவனுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. அது தாமதமாகவும் வரும், போதாமலும் இருக்கும். ஐந்து வருஷம் ஆறும் ஆகலாம். ஒரு வருஷம் முழுவதும் செய்த கணக்குத் தப்பென்று கடைசியில் தெரியலாம். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். தெரிந்துகொண்டு குடும்பமும் பொறுக்க வேண்டும். "எப்போது முடிப்பாய்?" என்று நாள்தோறும் கேட்டு அந்தப் பிள்ளையை வாட்டக் கூடாது. இதே வசதியும் பொறுமையும் மகளுக்கும் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது; மகனை ஆராய்ச்சிக்கு அனுப்பிவிட்டு மகளுக்கு ஜாதகம் பார்க்கிறவரை நாம் சுயமரியாதைக்காரர் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

மகனுக்கும் ஒரு வார்த்தை. தோழரே, வழிகாட்டும் ஆசிரியரிடம் மரியாதையாக இருங்கள். ஆனால் காலில் விழாதீர்கள். அவர் சொல்வது சரியென்று தோன்றாவிட்டால் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். உங்கள் ஜாதியைக் காட்டி யாராவது உங்கள் அறிவை அளந்தால் மௌனமாக இராதீர்கள். உங்களைப்போல் வந்தவர்களோடு கூடிச் சொல்லுங்கள். தனியாக நின்று மனமுடைந்து போகாதீர்கள். ஆராய்ச்சிக்கூடத்து இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னால், அது பொட்டு இல்லாமலும் ஓடும் என்பதை ஓட்டிக் காட்டுங்கள். முடித்துத் திரும்பி வரும்போது, உங்களுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குப் பாதையாக இருங்கள்.

கடைசியாகப் பொதுமக்களுக்கும் சொல்லுகிறோம். தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகளில் 100-க்கு 7½ இடம் ஒதுக்கி 2021-ல் சட்டம் செய்யப்பட்டது. இவை போன்றவை எவருடைய கருணையும் அல்ல, கடாட்சமும் அல்ல. கேட்டுப் பெற்ற உரிமைகள். 1847-ல் நியூயார்க் மக்கள் கேட்டுப் பெற்றார்கள்; 1976-ல் இழந்தார்கள். ஆகையால் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் எப்போது என்று விசாரிக்கிற ஊர்க்காரர்கள், தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இருக்கிறாரா, லைப்ரரியில் விளக்கு எரிகிறதா, முன் சொன்ன உபகாரச் சம்பளம் காலத்தில் வருகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். விசாரிக்காத ஊரில் சரஸ்வதி பூஜை வருஷா வருஷம் நடக்கும். வித்தை மாத்திரம் வராது.